பார்க்காமல் எடுத்துக் கொடுத்தவர்

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா அப்படித்தான் ஆரம்பிப்பார்.

நான் இருந்தேன். எங்கள் எஞ்சின் டிங்கியில், சின்னப் படகில், தூண்டில் போடுகிறவன்.

மைனி இருந்தார். செத்துப்போன என் அண்ணனின் மனைவி.

தாதா இருந்தார். வங்காளி. தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். டிங்கியின் எஞ்சின் அவருடையது.

அக்கா இருந்தார். லேப்டாப் பழுது பார்க்கிறவர்.

அவ்வளவுதான். நாலு பேர். மேசைமேல் அண்ணனின் லேப்டாப் இருந்தது. திரை நொறுங்கியிருந்தது.

அக்கா எங்களை விரலை நீட்டி எண்ணினார். "பாத்தியம் உள்ள ஆள் இவ்வளவுதானா?" என்று கேட்டார். மைனி ஆமாம் என்றார். தாதா தலையை ஆட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதே கேள்விக்கு முன்பு ஒரு தரம் பதில் சொல்லிக் கெட்டிருந்தேன்.

லேப்டாப்பில் இருந்தது கல். கடலுக்கு அடியில் பாறை கிடக்கும், அதை நாங்கள் கல் என்போம். கல்லைச் சுற்றித்தான் மீன் நிற்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். கல் இருக்கிற இடத்துக்கு எண் உண்டு. அந்த எண்ணை ஜி.பி.எஸ். மிஷினில் போட்டால் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் கல் எல்லாமே அண்ணன் கண்டுபிடித்தது. இருபது வருடத்து வேலை. நான் தூண்டில் பக்கம். கல் எங்கே என்பது அண்ணன் பாடு.

அண்ணன் மிஷினில் எதையும் விட்டுவைக்க மாட்டார். மிஷினை எவனாவது தூக்கினால் கல்லும் போய்விடும் என்று பயம். கடலுக்குப் போகிற அன்று இரண்டு மூன்று எண் மட்டும் ஏற்றுவார். கரைக்கு வந்ததும் அழித்துவிடுவார். மொத்தமும் லேப்டாப்பில் இருந்தது.

நெஞ்சுவலியில் போனார். டிங்கி நாலு மாதம் கரையில் கிடந்தது. பிறகு எடுத்துப் பார்த்தால் மிஷின் உப்பேறிச் செத்திருந்தது. கல் இல்லை என்றால் எஞ்சினைக் கழற்றி வேறு டிங்கியில் மாட்டிக்கொள்வதாகத் தாதா சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மைனிக்கு டிங்கியில் வருகிற பங்கை விட்டால் வேறு வருமானம் இல்லை. எனக்கும் இல்லை. போர்ட் பிளேருக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் புது மிஷினில் ஏற்றி வருகிறேன் என்று நான்தான் சொன்னேன்.

உடைத்ததும் நான்தான்.

மாயாபந்தரில் அன்று மழை. தண்ணீர் புகாத சாமான் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி. லேப்டாப்பை மைனியின் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். மூடி, நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். கப்பலில் மடியை விட்டு இறக்கவில்லை. போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் இறங்கும்போது என் பையை மறந்துவிட்டேன். பெட்டியைக் கப்பல் ஓரத்தில் வைத்துவிட்டுப் பையை எடுக்கத் திரும்பினேன்.

ஜெட்டியில் சுமை இறக்குகிறவர்கள் அதை மீன் பெட்டி என்று நினைத்தார்கள். வேறு எப்படி நினைப்பார்கள். மீன் பெட்டியை யாரும் கையில் கொடுப்பதில்லை, எறிவார்கள். ஒருவர் எறிந்தார். அடுத்தவர் பிடித்து எறிந்தார். கடைசி ஆள் பிடிக்கவில்லை. நான் கத்துவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஆள் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, "இத்னா ஹல்கா, இவ்ளோ லேசா? மீனே இல்லியா பாய்?" என்று கேட்டார்.

பெட்டியைப் பிரித்தேன். திரை முழுக்க வெடிப்பு. பொத்தானை அழுத்தினால் உள்ளே காற்றாடி ஓடியது. ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம். மீதி இடம் மை கொட்டின மாதிரி.

அபர்டீன் பஜாரில் நாலு கடையில் கேட்டேன். ஒருவர், "மாடிக்கடை அக்காகிட்டப் போங்க. ஆனா தனியாப் போவாதீங்க" என்றார். ஏன் என்று புரியவில்லை. தனியாகத்தான் போனேன்.

தையல் கடை ஓரமாக ஒரு ஒடுக்கமான படி. மேலே ஒரு அறை. அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளம். சுடிதார். நெற்றியில் பட்டை வைத்துக் கட்டின டார்ச். பகலிலும் எரியும். பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரையைக் கலக்கவில்லை. இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய் டீ, ஒரு நக்கு சர்க்கரை.

என்ன கெட்டுப்போயிற்று என்று அவர் கேட்கவில்லை.

"யாரெல்லாம்?" என்றார்.

"எது யாரெல்லாம்?"

"இதுக்கு உள்ள இருக்கிறதுல யாருக்கெல்லாம் பாத்தியம்?"

"எனக்கு மட்டுந்தான்."

லேப்டாப் சுற்றியிருந்த சேலையைப் பார்த்தார். "இது?"

"எங்க மைனி சேல."

"அப்ப மைனியக் கூட்டிட்டு வாங்க. வேற யாரு?"

"இது அண்ணன் வச்சிருந்தது. அண்ணன் எறந்துட்டாரு."

"மைனி கண்டிப்பா வரணும். வேற?"

தாதாவைச் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் சொன்னேன்.

"மூணு பேரும் வாங்க, தம்பி."

"அவங்க மாயாபந்தர்ல இருக்காங்கக்கா. காட்டு வழியில வண்டிய எல்லாம் சேத்து விடுற கான்வாய்க்குக் காத்துக் கெடந்து பஸ்ல வரணும். ஒரு நாள் போயிரும்."

"போவட்டும். சாமான் எங்கயும் ஓடாது."

"ஸ்கிரீன் ஒடஞ்சிட்டு. உள்ள இருக்கிறது இருக்கா போச்சா, அதயாச்சும் சொல்லுங்க."

"ஒடஞ்சது ஜன்னல், தம்பி. வீட்டுக்குள்ள எல்லாம் அப்படியே கெடக்கும்."

கிடக்கும் என்றால் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே. அது மட்டும் மாட்டேன் என்றார். எனக்குத் தலை சுற்றியது. வீடு என்கிறார், ஜன்னல் என்கிறார், உள்ளே போகமாட்டேன் என்கிறார். படியில் இறங்கும்போது அவர் கெட்டிக்காரரா, வேலை தெரியாதவரா என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

எனக்கு மட்டும் என்று ஏன் சொன்னேன் என்றால், உடைந்த சங்கதி மைனிக்குத் தெரியாமல் முடிக்கலாம் என்றுதான். வேறு கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மைனியும் தாதாவும் வந்தார்கள். முதலில் சொன்ன நாள் அதுதான்.

அக்காவின் மேசையில் ஒரு பழைய டி.வி. இருந்தது. அதன் முகம் பெஞ்சைப் பார்த்து இருக்கும். பெஞ்சில் நாங்கள். அக்கா டி.வி.க்குப் பின்னால் உட்காருவார். அவர் பக்கம் வயரும் தூசியும்தான். உடைந்த திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். லேப்டாப்பிலிருந்து டி.வி.க்கு ஒரு வயர் போட்டார். கை கீபோர்டில். கண் எங்கள் மேல்.

தொடங்குமுன் ஒன்று சொன்னார். "இந்தத் தம்பி மொத ஒரு தரம் தனியா வந்தாரு. தனக்கு மட்டுந்தான்னு சொன்னாரு. நான் தொறக்கல. சொல்லிட்டேன்."

மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். கோபம் இல்லை. கேலி இல்லை. மைனி என்னைப் பார்த்தார். தாதா என்னைப் பார்த்தார். நான் வயரைப் பார்த்தேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"கறுப்பு" என்றேன்.

இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினார். "இப்ப?"

"கறுப்புத்தான்."

இன்னொரு தரம். "இப்ப?"

"நீலமா வருது" என்றார் மைனி. "கடல் படம்."

"எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்கா?"

"இருக்கு."

"பாஸ்வேர்டு. தெரிஞ்சவங்க வந்து போடுங்க." எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

எங்களில் யாருக்கும் தெரியாது. நான் டிங்கி பெயரைச் சொன்னேன். மைனி போட்டார். இல்லை. மாதா பெயரைப் போட்டார். இல்லை. தாதா தாடையைச் சொறிந்தார். "பாபி கா நாம் டாலோ" என்றார். பாபி என்றால் அண்ணி, அவர் பெயரைப் போடு என்றார். மைனி தன் பெயரை ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். திறந்துகொண்டது.

மைனி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். "தாதா, ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"ஏக் பார், ஒரு தரம் சொன்னான். தண்ணி போட்டு."

"எங்கிட்ட சொன்னதில்ல" என்று மைனி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. டி.வி.யில் ஒரு சின்ன அம்பு ஓடும். அதை அக்கா நகர்த்துவார், ஆனால் பார்க்கமாட்டார். நாங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

"மஞ்சப் பெட்டி நெறைய இருக்கு" என்றேன்.

"எந்தப் பெட்டில தமிழ்ல எழுதியிருக்கு?"

"ஓரத்துல ஒண்ணு. 'இடம்'னு இருக்கு" என்றார் மைனி. எட்டாவது வரை படித்தவர்.

"அம்ப அதுமேல கொண்டுபோக வழி சொல்லுங்க."

"வலத்த வாங்க. இன்னும் வலத்த. தாண்டிட்டு. பின்னால எடுங்க" என்றேன். தாதாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜெட்டியில் டிங்கி அணைக்கிற மாதிரி கையைக் காட்டி, "தீரே, தீரே, மெதுவா, பஸ், போதும்" என்று நிறுத்தினார். அக்கா இரண்டு தட்டுத் தட்டினார். வரிசை வரிசையாக எண் வந்தது.

அண்ணன் கையெழுத்து இல்லை, வெறும் மிஷின் எழுத்துத்தான். ஆனாலும் எனக்கு அவர் குரல் கேட்ட மாதிரி இருந்தது. முதல் வரியை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

"படிக்காதீங்க" என்றார் அக்கா, வேகமாக. "மனசுக்குள்ள பாருங்க. நான் இங்க இருக்கேன்ல."

பார்க்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். எண்பத்து நாலு வரி என்று நாங்கள் எண்ணிச் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார். மூன்று பென் டிரைவில் ஒரே மாதிரி போட்டு ஆளுக்கு ஒன்று தந்தார். கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

அக்கா எல்லாரிடமும் இப்படித்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம் அந்த மாடியில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய ஆள் போல. தனக்குக் கீழே வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார்.

"கௌன் கௌன்?" என்றார் அக்கா. இந்திக்காரர்களிடம் யாரெல்லாம் என்பதை இப்படிக் கேட்பார்.

"சர்க்காரி சாமான். கோலோ" என்றார் அவர். திற என்று அர்த்தம்.

"தோ சர்க்கார் கோ புலாவோ" என்றார் அக்கா. அப்போ சர்க்காரைக் கூப்பிடுங்க. சிரிக்கவில்லை. அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

புருஷன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெண்டாட்டி வருவாள். பெண்டாட்டி போனை எடுத்துக்கொண்டு புருஷன் வருவான். எல்லாரையும் திருப்பி அனுப்புவார். வந்ததில் பாதி ஆள் திரும்பி வருவதில்லை. கீழே தையல் கடைக்காரர், "அந்தம்மா கடை நடத்துதா, கோர்ட் நடத்துதா?" என்பார்.

ஏன் அப்படி என்று பஜாரில் பலது சொன்னார்கள். அவர் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு கேம்பில் இருந்தபோது யாரோ கொடுத்த நனைந்த கேமராவைக் காயவைத்துத் திறந்து பார்த்தார், அதில் பார்க்கக்கூடாத படம் இருந்தது என்று ஒருவர் சொன்னார். அதெல்லாம் இல்லை, புருஷன் இவர் போனைத் திறந்து பார்த்துச் சண்டையாகிப் பிரிந்தது என்று இன்னொருவர் சொன்னார். நம்பிக்கை வரவேண்டும் என்று செய்கிற வியாபாரத் தந்திரம் என்று மூன்றாவது ஆள் சொன்னார்.

நான் நேரே கேட்டேன். "ஏங்க்கா பாக்க மாட்டேங்கிறீங்க?"

"பாத்தா மறக்கத் தெரியல, தம்பி."

சரி என்று எடுத்துக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்து வேறொருவர் அதையே கேட்டார். "கண்ணு நோவு" என்றார் அக்கா. அதையும் அதே முகத்தோடுதான் சொன்னார். எது உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்போது அந்த மாடியில் மொபைல் கவர் விற்கிறார்கள். அக்கா மெயின்லேண்ட் போய்விட்டார் என்கிறார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அவர் பெயரைக் கேட்டதே இல்லை. போனில் 'மாடி லேப்டாப்' என்று போட்டு வைத்திருந்தேன். அந்த நம்பர் இப்போது அடிப்பதில்லை.

கல்லுக்கு வருகிறேன்.

புது மிஷின் வாங்கினோம். எண்ணை நான்தான் ஏற்றினேன். மைனி தன் பென் டிரைவிலிருந்து கடையில் தாளில் எடுத்துக் கொடுத்தார். தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். எழுத்து எனக்குச் சிரமம். எண் வரும். இரண்டு நாள் ஆயிற்று.

முதல் கல்லுக்குப் போனோம். மிஷின் வந்துவிட்டது என்று கத்தியது. கயிறு விட்டுப் பார்த்தேன். அடியில் சேறு. இரண்டாவது கல்லும் சேறு. மூன்றாவது இடத்தில் கல் இருந்தது, அண்ணன் காலத்துக் கல்லேதான். தாதா பாட்டுப் பாடினார். நாலாவது சேறு. ஐந்தாவது சேறு. பதினைந்து நாளில் இருபது இடம் பார்த்தோம். மூன்றில் கல். பதினேழில் சேறு.

எல்லாம் தப்பாக இருந்தால் அண்ணன் மேல் பழி போட்டிருக்கலாம், மிஷின் மேல் போட்டிருக்கலாம். மூன்று மட்டும் சரி என்றால் என்ன அர்த்தம். யாரோ இருந்ததில் கையை வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கே அப்படித் தோன்றியது. ராத்திரி படுத்துக்கொண்டு நான்தான் ஏதாவது மாற்றிவிட்டேனா என்று யோசித்திருக்கிறேன்.

மைனி ஒருநாள் டிங்கிப் பக்கம் வந்தார். மைனி டிங்கிப் பக்கம் வருகிறவர் இல்லை.

"நீரு மொத தனியாப் போனீரே, அதுக்கு முன்னால அந்த லேப்டாப்பு ஒம்ம கையில எத்தன நாளு இருந்துச்சு?"

"நாலு நாளு."

"ஒம்ம மவளுக்கு லேப்டாப்பு தெரியுமுல்லா?"

"தெரியும்."

"நல்ல கல்ல எல்லாம் மாத்திப் போட்டுட்டு, பாஸ்வேர்டு தெரியாத மாதிரி நடிச்சு, நாங்க பங்க வித்துட்டுப் போனப்பொறவு நீரு தனியாப் போயித் தொழில் செய்யலாமுன்னா?"

"இல்ல மைனி."

"அவரு சம்பாதிச்ச கல்லு அது. அவரு சாவுக்கு ஒம்ம கையாலதான மண்ணு போட்டீரு."

மைனி போய்விட்டார். தாதா எஞ்சின் பக்கம் குனிந்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். "ஒரு வாரம் பாக்கறேன், பாய். ஃபிர் கோல் லூங்கா" என்றார். அதற்குப் பிறகு கழற்றிவிடுவேன் என்று அர்த்தம்.

மறுபடி பஸ் ஏறினேன். தனியாக.

மாடிப்படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மலையாளி என்று நினைக்கிறேன். மடியில் ஒரு லேப்டாப். அழுது முடித்த முகம். அவர் மகன் மெயின்லேண்ட் போய் ஒரு வருடமாகப் பேச்சில்லையாம். அவன் விட்டுவிட்டுப் போன லேப்டாப்பும் திரை உடைந்தது. உள்ளே அவன் எங்கே இருக்கிறான் என்று ஏதாவது இருக்கும் என்று கொண்டுவந்திருக்கிறார். மகன் வராமல் திறக்கமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார்.

மேலே போனேன். "மகனத் தேடுறதுக்குத்தான திறக்கச் சொல்றாங்க. மகன் எப்படி வருவான்?" என்று கேட்டேன்.

அக்கா டீயைக் கீழே வைத்தார். "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா?"

"புது ஸ்கிரீன் போட்டுக் குடுத்துட்டேன். காசு வாங்கல. வீட்டுல போயி அவங்களே பாத்துக்கட்டும். நான் இல்லாதப்ப."

"அவங்களுக்குத் திறக்கத் தெரியாதே."

அக்கா நெற்றி டார்ச்சை அணைத்தார். அவர் அதை அணைத்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதே நேரம், மைனிக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் திறந்திருந்தால் இவரை நான் என்ன நினைத்திருப்பேன் என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்து வந்தது. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் விஷயத்தைச் சொன்னேன். மூன்று கல் சரி, மீதி சேறு, பழி என்மேல்.

"நம்பரத் தாளுல வச்சிருக்கேன். ஒரு தரம் பாத்துச் சொல்லுங்கக்கா."

"மூணு பேரும் வாங்க" என்றார்.

இறங்கும்போது படியில் அந்த அம்மா இல்லை.

மைனியை வரவைக்க நான் ஒன்றும் பேசவில்லை. தாதாதான் பேசினார். என்ன சொன்னாரோ, மைனி வந்தார். பஸ்ஸில் எனக்கு மூன்று சீட் முன்னால் உட்கார்ந்தார். ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

அக்கா எங்களை எண்ணினார். மைனியின் பென் டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டர் பெட்டியில் செருகினார். மைனியும் தாதாவும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நானும் உட்காரப் போனேன்.

"பழி சொன்ன ஆளுங்க அங்க. பழி சுமக்கிற ஆளு இங்க" என்று தன் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

டி.வி.க்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து எண் தெரியாது. டி.வி.யின் முதுகு தெரியும். அதற்கு மேலே எதிரில் இருக்கிறவர்களின் முகம் தெரியும். டி.வி. வெளிச்சம் அவர்கள் மேல் விழும். வருஷக்கணக்காக அக்கா பார்த்தது இதைத்தான். முகங்களை. மைனிக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இத்தனை மாதத்தில் அவரை நான் நேராகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"தம்பி, புது மிஷின்ல நம்பர் எப்படி இருக்கும்? நம்பரச் சொல்லாதீங்க. உருவத்த மட்டும் சொல்லுங்க."

"மூணு துண்டா இருக்கும். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒரு புள்ளி இருக்கும்."

"அம்மா, டி.வி.ல புள்ளி இருக்கா?"

"இல்ல" என்றார் மைனி. "எடம் விட்டிருக்கு."

"எல்லா வரியிலயுமா?"

"எல்லாத்துலயுந்தான்."

"பழைய மிஷின்ல புள்ளி இருந்துச்சா?"

"நஹி" என்றார் தாதா. "பழசுல புள்ளி கெடயாது. எனக்குத் தெரியும்."

அக்கா உள்ளங்கையை ஒரு நக்கு நக்கினார்.

"கப்பல் ஆபீசருங்க இதுக்கு இங்க உக்காந்து சண்ட போட்டுருக்காங்க" என்றார். "டிகிரி, நிமிஷம்னு எடத்த எழுத ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்ணு மணிக்கணக்கு. அறுவது விநாடி சேந்தா ஒரு நிமிஷம். இன்னொண்ணு பைசாக் கணக்கு. நூறு சேந்தாத்தான் ஒண்ணு. உங்க வீட்டுக்காரர் மணிக்கணக்குல எழுதியிருந்தா, முப்பதுங்கிறது பாதி. அதே முப்பதப் புள்ளி வச்ச மிஷின்ல போட்டா, முப்பது பைசா. பாதிக்கும் கம்மி. எடம் தள்ளிப்போயிரும்."

"மூணு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கடைசி நம்பர் சின்னதா இருந்தா கொஞ்சந்தான் தள்ளும். அது கல்லுக்குள்ளயே விழுந்துரும்."

தாளை எடுத்துப் பார்த்தேன். கல் கிடைத்த மூன்று வரியிலும், வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று என்று கடைசி எண் இரண்டுமே ஐந்துக்குக் கீழே இருந்தது. ஆனால் மைனி ஒத்துக்கொள்ளவில்லை.

"இது நீங்க சொல்ற கத. இவரு மாத்தலன்னு எப்டி நம்ப?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "நம்ப வேண்டாம்மா. நீங்களே பாருங்க. எம்பத்து நாலு வரி. ஒரு வரிக்குக் கடைசி நம்பர் ரெண்டு வரும். மணிக்கணக்குன்னா ஒண்ணுகூட அறுவதத் தொடாது. தொட முடியாது. யாராவது மனம்போன போக்குல மாத்தியிருந்தா எழுவது வரும், தொண்ணூறு வரும். இந்த ரெண்டு கணக்கு இருக்கிறதே இந்தத் தம்பிக்கு இப்பத்தான் தெரியும். மாத்துறவருக்கு அறுவதுக்குள்ள நிக்கணும்னு தெரிஞ்சிருக்காது."

மைனி என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தயும் பாருங்க. தாதா கூடவே பாப்பாரு. படிக்க வேண்டாம். கடைசி நம்பர்ல எது பெருசோ, அந்த ஒண்ண மட்டும் சொல்லுங்க" என்றார் அக்கா.

பார்க்க ஆரம்பித்தார்கள். மைனியின் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. தாதா விரலை நீட்டி வரிக்கு வரி இறக்கினார். ஒரு பக்கம் முடிந்ததும் மைனி "ம்" என்பார். அக்கா விசையை அழுத்துவார். மறுபடி உதடு. மறுபடி விரல்.

கீழே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

மூன்றாவது பக்கத்தில் மைனி எழுந்து டி.வி.க்குக் கிட்டே வந்தார். முகம் மாறியிருந்தது.

"என்ன?" என்றார் அக்கா.

"எம்பத்தஞ்சு மாதிரி இருக்கு."

தாதாவும் குனிந்தார். "தூல் ஹை, பாபி. தூசி" என்றார்.

மைனி முந்தானையால் டி.வி.யைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். "முப்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அக்காவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, போய் உட்கார்ந்தார்.

நாலாவது பக்கம். ஐந்தாவது பக்கம். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் பெஞ்சின் மேலேயே இருந்தது. நானும் அங்கேயே பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் தாதாவின் விரல் அடிவரைக்கும் இறங்கி நின்றது. அவர் மைனியிடம் ஏதோ கேட்டார். மைனி தலையை அசைத்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னார். அக்கா போனார். இன்னொரு தரம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பஸ் போயிருக்கும். யாரும் அவசரப்படவில்லை.

முடிந்தது. மைனி முந்தானையை இழுத்துச் செருகினார். டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்து, அதற்கு மேலே என்னைப் பார்த்தார். அண்ணன் செத்த பிறகு அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"பெருசு எதும்மா?" என்றார் அக்கா.

"அம்பத்தொம்பது."